கவிழ்த்துப் போட்ட முகம்

ஜூன் 16, செவ்வாய். முன்பக்க வைஸ் மாட்டியாகிவிட்டது. ஒரு சிறு தவறு. வைஸுக்கும் மேஜைப் பலகைக்கும் நடுவே வைக்கும் இடைக்கட்டையை மூன்று மில்லிமீட்டர் அதிகமாக இழைத்துவிட்டேன். கட்டை மெலிந்துபோனதால் வைஸின், மரத்தைக் கவ்வும் இரும்புத் தாடை மேஜை மட்டத்துக்கு மேலே நகக்கண் அளவு துருத்திக்கொண்டு நிற்கிறது. இப்படியே விட்டால் இழைப்புளியின் அலகு அதில் இடித்து மழுங்கும். மாஸ்டர் "பரவாயில்லை" என்றார். அவர் சொன்ன விதத்தில் பரவாயில்லை என்று படவில்லை. வியாழன்: புது இடைக்கட்டை.

இதை மில்லி எழுதியது வீட்டுக்குப் போகும் பேருந்தில், நோட்டை மடியில் வைத்துக்கொண்டு. மில்லி என்பது மாலைத் தச்சு வகுப்பில் வைத்த பெயர். எதைக் கேட்டாலும் மில்லிமீட்டரில் பதில் சொல்கிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? பகலில் அவள் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறாள். அங்கே அரை மில்லி பிசகினால் யாரோ ஒருவர் தலைவலியோடு திரும்பி வந்து சண்டை போடுவார். அதனால் அவள் அளப்பாள். அளந்ததை நம்பாமல் மறுபடி அளப்பாள். இரண்டும் ஒன்றாகவே வந்துவிட்டால் அளவுகோலைச் சந்தேகப்படுவாள்.

"ஏம்மா மில்லி, ராத்திரியோட ராத்திரியா மரம் வளர்ந்துடும்னு பயமா?" என்று கூடப் படிக்கும் பஸ் டிரைவர் கேட்பார். அவர் பேத்திக்கு ஒரு கட்டில் செய்துகொண்டிருந்தார். கட்டிலின் நாலு காலும் நாலு உயரம். அதற்காக அவர் ஒரு நாளும் கவலைப்பட்டதில்லை.

மில்லி செய்துகொண்டிருந்தது தச்சு வேலை செய்வதற்கான மேஜை. அது அவளுக்கல்ல, அண்ணிக்கு.

அண்ணி நாற்காலி வைத்தியர். அப்படித்தான் தெருவில் சொல்வார்கள். கால் உடைந்தது, முதுகு கழன்றது, உட்கார்ந்தால் அழுகிறது என்று யார் எதைத் தூக்கிக்கொண்டு வந்தாலும், அதை ஒரு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டு எந்த மூட்டில் நோய் என்று சொல்லிவிடுவாள். இதெல்லாம் வீட்டின் பின்னறையில், தரையில் உட்கார்ந்து. மரத்தை இரண்டு முழங்காலுக்கு நடுவே இடுக்கிக்கொள்வாள், நீளமாக இருந்தால் ஒரு பாதத்தால் மிதித்துக்கொள்வாள். அவளுடைய முழங்கால்தான் அவளுக்கு வைஸ். அண்ணி கல்யாணமாகி வந்த புதிதில் மில்லி அந்த அறை வாசலில் நின்று வாயைப் பிளந்துகொண்டு பார்த்திருக்கிறாள். அளவுகோல் கிடையாது, பென்சில் கிடையாது. கட்டை விரலை ஓட்டிப் பார்த்து இரண்டு இழைப்பு. கழன்ற மூட்டு கிளிக்கென்று உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும்.

இன்னொன்று, அண்ணி இடக்கைக்காரி. பள்ளிக்கூடத்தில் வலக்கையால் எழுத வைத்தார்கள். வலக்கைக்குச் செய்த கத்தரியில் துணி வெட்டினாள், வலக்கைக்குச் செய்த ரம்பத்தில் மரம் அறுத்தாள். எல்லாவற்றையும் கொஞ்சம் கோணிக்கொண்டு, கொஞ்சம் வளைந்துகொண்டு. அந்த வளைவும் தரையும் சேர்ந்து இந்த வருஷம் இடுப்பைப் பிடித்துவிட்டன. பிசியோதெரபிஸ்ட் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, "தரையில உக்காந்து வேலை செய்யறது இன்னையோட நிறுத்திடுங்க. நின்னு செய்யலாம், நேரா நின்னு. கோணலா நின்னா அதுக்குத் தரையே மேல்" என்று சொல்லிவிட்டார்.

"அப்ப பழையபடி துணிக்கடை பில் கவுன்ட்டருக்கே போயிடறேன்" என்றாள் அண்ணி, வீட்டுக்கு வந்து. சாதாரணமாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு உளிகளை எல்லாம் எண்ணெய் போட்டுத் துடைத்து, துணியில் சுற்றிக் கட்ட ஆரம்பித்தாள். அதைப் பார்க்க முடியாமல்தான் மில்லி வாயைத் திறந்தாள்.

"நான் செஞ்சு தரேன் அண்ணி. மேஜை. உங்க கைக்கு, உங்க உயரத்துக்கு."

அண்ணனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "இவளா? ஸ்டூல் ஒண்ணு செய்யறதுக்கே நாலு மாசம் வகுப்புக்குப் போனா."

"நீங்க சும்மா இருங்க. அந்த ஸ்டூல் ஆடாம நிக்குதுல்ல?" என்றாள் அண்ணி. சுற்றிக் கட்டிய துணியை அவிழ்த்து உளிகளை மறுபடி சுவரில் மாட்டினாள். நூலகத்துக்காரர்கள் வாசிப்பறை நாற்காலிகள் அத்தனையையும் பழுது பார்த்துத் தர முடியுமா என்று கேட்டிருந்தார்கள். மேஜையை நம்பி, ஜூன் 22, திங்கட்கிழமை கொண்டுவரச் சொல்லிவிட்டாள்.

அந்தத் திங்கள் இப்போது அடுத்த திங்களாகிவிட்டது. வகுப்பு நடக்கும் பட்டறையோ சனிக்கிழமையோடு மூடுகிறது. தரையைப் பெயர்த்துப் போடப்போகிறார்கள்.

இடித்துப்போட்ட ஒரு கிடங்கின் உத்தரங்களை வாங்கி அறுத்துச் செய்த மேஜை அது. வைரம் பாய்ந்த மரம். ஆணி அடித்தால் ஆணிதான் வளையும். கட்டைகளைப் பக்கம் பக்கமாக ஒட்டிக் கனத்த ஒரே பலகையாக்கி, கால்சட்டத்தின் மேல் போல்ட் போட்டு உட்கார வைப்பது. பட்டறையில் பலகையின் மேல்புறத்தை முகம் என்பார்கள், கீழ்ப்புறத்தை வயிறு. எந்தப் பக்கம் முகம் என்று முடிவு செய்யவே மில்லிக்கு ஒரு வாரம் பிடித்தது. அதன்பிறகு அந்த முகத்தை அவள் இழைத்ததற்குக் கணக்கு வழக்கில்லை. நீளவாட்டில் இழைத்தாள், குறுக்கே இழைத்தாள். சாய்ந்த வெளிச்சத்தில் கன்னத்தைப் பலகையோடு ஒட்டி வைத்துப் பார்த்து மறுபடி இழைத்தாள். கடைசியில் மாஸ்டர் நீளமான இரும்பு மட்டக்கோலை வைத்துப் பார்த்தார். கோலுக்கும் மரத்துக்கும் நடுவே சிகரெட் பெட்டித் தாள்கூட நுழையவில்லை.

"இந்த வருஷத்துல இந்தப் பட்டறையில இழைச்ச முகத்துல இதுதான் முதல்" என்றார். மாஸ்டர் புகழ்ச்சியைச் சொட்டு மருந்து மாதிரி விடுகிறவர். மில்லி அன்று பேருந்தில் எதுவும் எழுதவில்லை. சும்மாவே உட்கார்ந்து வந்தாள்.

வியாழக்கிழமை மாலை அவள் மேஜைக்கு அடியில் மல்லாந்து படுத்து, புது இடைக்கட்டையை வைத்து வைஸின் போல்ட்டுகளை முறுக்கிக்கொண்டிருந்தபோது இரண்டு செருப்புகள் வந்து நின்றன.

"உள்ளே இருக்கறது ஆளா, எலியா?"

"அண்ணி! இருங்க, கடைசி போல்ட்டு."

வெளியே வந்தபோது அண்ணி அவளைப் பார்க்கவில்லை. மேஜையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இதற்கு முன் அவள் இங்கே வந்ததில்லை. "முடிஞ்சதும் பாக்கறேன்" என்று சொல்லியிருந்தாள். உள்ளங்கையை முகத்தின் மேல் வைத்து, ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நடந்தாள்.

"தண்ணி ஊத்தி வெச்ச மாதிரி இருக்குடி."

டிரைவர் அங்கிருந்தே, "எத்தனை மில்லி தண்ணின்னு கேளுங்க, சொல்லும்" என்றார்.

உயரம் அச்சாகப் பொருந்தியிருந்தது. அண்ணியின் கை மடங்காமல், தோள் தூக்காமல் உள்ளங்கை போய்ப் பலகையில் படிந்தது. முன்கூட்டியே செருப்போடும் செருப்பில்லாமலும் அளந்து, நடுவே ஒரு அளவை எடுத்திருந்தாள் மில்லி. தாடையும் இப்போது மட்டத்துக்குக் கீழே ஒழுங்காக இருந்தது. அவள் கண் அந்தத் தாடையின் விளிம்பிலேயே ஓடிக்கொண்டிருந்தது.

அண்ணி பையிலிருந்து ஒரு நாற்காலிக் குறுக்குச் சட்டத்தை எடுத்து வைஸில் கவ்வக் கொடுத்தாள். பிடியைச் சுழற்றினாள். இழைப்புளியை இடக்கையில் எடுத்தாள்.

எடுத்துவிட்டு அப்படியே நின்றாள்.

ஒரு அடி தள்ளி நின்று பார்த்தாள். வைஸைத் தளர்த்திச் சட்டத்தை இந்தப் பக்கம் நீட்டிக் கவ்வவிட்டாள். சட்டத்தின் முக்கால்வாசி மேஜையைத் தாண்டி அந்தரத்தில் நீண்டது. தள்ளினால் துள்ளியது. மறுபடி தளர்த்தி அந்தப் பக்கம் நீட்டினாள். இப்போது இடுப்பைத் திருப்பாமல் தள்ள முடியவில்லை. பிறகு, யாரும் கவனிக்காதபடி செய்வதாக நினைத்துக்கொண்டு, இழைப்புளியை வலக்கைக்கு மாற்றிக்கொண்டு இரண்டு தள்ளுத் தள்ளினாள். சுருள் வரவில்லை. துணுக்குத் துணுக்காக உதிர்ந்தது.

"அருமையா இருக்கு" என்றாள் அண்ணி. "பழகிட்டா சரியாயிடும்."

மில்லி அப்போதுதான் தாடையை விட்டுக் கண்ணை எடுத்து வைஸ் இருக்கும் இடத்தைப் பார்த்தாள். இடது கோடி.

வலக்கைக்காரர் இழைப்புளியை வலமிருந்து இடமாகத் தள்ளுவார். தள்ளும் திசையில், இடது கோடியில், வைஸ் மரத்தின் தலையைக் கவ்விக்கொண்டால் மீதி மரம் மேஜையை ஒட்டிச் சாதுவாக நிற்கும். இடக்கைக்காரருக்கு எல்லாம் எதிர். வைஸ் வலது கோடியில் இருக்க வேண்டும். இது மில்லிக்குத் தெரியாததா? வகுப்பில் கொடுத்த வரைபடத்தை அண்ணிக்காகக் கண்ணாடியில் பார்ப்பதுபோல மாற்றி வரைந்தவளே அவள்தான். வைஸ் மாட்டும்போது பலகை கவிழ்ந்து கிடக்கும், அப்போது வலது இடதாகத் தெரியும் என்பதால், கவிழ்ந்த தோற்றத்தையும் சேர்த்தே வரைந்திருந்தாள். அதுவரை எல்லாம் சரி. ஆனால் கவிழ்ந்த பலகைக்கு முன்னால் பென்சிலோடு நின்றபோது சந்தேகம் வந்துவிட்டது. பலகை கவிழ்ந்து கிடக்கிறதே, அப்படியானால் மாற்ற வேண்டாமா? மாற்றினாள். ஏற்கெனவே மாற்றியதை மறுபடி மாற்றினாள்.

மாஸ்டர் வந்து பார்த்தார். மேஜையைப் பார்த்தார், அண்ணியின் கையைப் பார்த்தார், மில்லியைப் பார்த்தார்.

"ஒரு தடவை சந்தேகப்பட்டதோட நிறுத்தியிருக்கலாம்ல?"

"வைஸை மட்டும் கழட்டி அந்தக் கோடிக்கு மாத்த முடியாதா மாஸ்டர்?"

"அந்தக் கோடியில, குறுக்கு ஓரத்துல மாட்டற ரெண்டாவது வைஸுக்குக் குழி வெட்டிட்டே. ரெண்டும் ஒரே மூலையில முட்டிக்கும். அதுக்கு நேரா, மரம் நகராம தடுக்கற முளை வைக்கிற துளை வேற வரிசையா போட்டாச்சு. எல்லாத்தையும் புதுசா வெட்டினா மேஜையாவா இருக்கும்? சல்லடையாயிடும்." கொஞ்சம் யோசித்தார். "இப்படியே விடு. நல்ல மேஜை. அவங்க பழகிக்குவாங்க."

"பழகிக்குவேன். பழகாததா எனக்கு?" என்றாள் அண்ணி சட்டென்று.

அந்த வார்த்தைதான் மில்லிக்கு நெஞ்சில் போய்க் குத்தியது.

இரவுச் சாப்பாட்டின்போது அவள் தட்டை ஒதுக்கிவிட்டு ஒரு தீப்பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டாள். முன் ஓரத்தில், இடது கோடியில், ஒரு குச்சியைச் செருகினாள். அது முன்பக்க வைஸ். பெட்டியை அரைவட்டம் சுற்றினாள். குச்சி எதிர்ப்பக்கம் போய்விட்டது. எழுந்து அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தாள். மறுபடியும் இடது கோடி.

"என்ன பண்றா இவ?" என்றான் அண்ணன்.

"மேஜையைத் திருப்பிப் போட்டா வைஸ் வலது பக்கம் வருமான்னு பாக்கறேன்."

"வருதா?"

"எப்படிச் சுத்தினாலும் இடது இடதாவே இருக்கு."

"இதுக்கா இவ்வளவு யோசனை? கண்ணாடிக் கடையிலதானே வேலை செய்யறே. ஆளுயரக் கண்ணாடி ஒண்ணு கொண்டாந்து எதிர்ல மாட்டிடு. உங்க அண்ணி அதைப் பாத்து இழைக்கட்டும்."

"ஜோக்கா?" என்றாள் அண்ணி. "அப்ப கண்ணாடியில தெரியற புருஷனுக்கே சோத்தையும் போட்டுக்கறேன்."

அண்ணன் குனிந்து குழம்பைப் பார்த்தான். அண்ணி கையை நீட்டித் தீப்பெட்டியை எடுத்தாள். சுற்றிப் பார்க்கவில்லை. அவள் ஆயுசு முழுக்க நாற்காலிகளைக் கவிழ்த்து வைத்து வேலை செய்தவள். இருக்கைப் பலகை ஒரு பக்கம் தேய்ந்துபோனால் மறுபக்கம் புரட்டி மாட்டிக் கொடுப்பவள். யோசிக்காமல் பெட்டியின் ஒரு நுனியைப் பிடித்து, தலைகீழாகப் புரட்டி வைத்தாள். வயிறு மேலே, முகம் கீழே.

குச்சி வலது கோடிக்கு வந்திருந்தது.

மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். துளைகள் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை நேராகப் போனவை, அவற்றைப் பற்றிக் கவலையில்லை. தாடைக்காக வெட்டிய பள்ளங்களில் மேலே ஒரு துண்டு மரம் ஒட்டி, கீழே கொஞ்சம் ஆழமாக வெட்ட வேண்டும். வைஸைப் புதிய வயிற்றில், அதாவது பழைய முகத்தில், துளை போட்டு மாட்ட வேண்டும். மில்லியின் மனம் ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே போய் அந்த இடத்தில் நின்றுவிட்டது. தாள் நுழையாத அந்த முகத்தில் துளை போட வேண்டும். பிறகு அது தரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கும், கூட்டும்போது துடைப்பம்தான் அதைப் பார்க்கும்.

அவள் முகம் போன போக்கை அண்ணி பார்த்துவிட்டாள். தீப்பெட்டியைப் பழையபடி நிமிர்த்தி வைத்தாள்.

"வேண்டாம். அதைப் போய்க் கவிழ்க்கறதா? நீ எப்படிப் பாத்துப் பாத்து இழைச்சே. நான் வலது கையால பழகிக்கறேன். இடுப்பைக் கொஞ்சம் திருப்பி நின்னா ஆச்சு."

"திருப்பி நிக்கக் கூடாதுன்னுதானே சொன்னாங்க."

"அவங்க ஆயிரம் சொல்லுவாங்க."

மில்லி தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். குழாயைத் திறந்துவிட்டு, ஒரு தட்டையே ரொம்ப நேரம் கழுவினாள். அந்த முகத்தை யார் பார்ப்பதற்காக இழைத்தாள் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். பதில் அவ்வளவு கௌரவமாக இல்லை. மாஸ்டர் மட்டக்கோல் வைத்த சாயங்காலத்துக்குப் பிறகு, அவள் மனதில் அது அண்ணியின் மேஜை என்பது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, தன் மேஜையாகிக்கொண்டிருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்துக் கடைக்காரருக்கு நாளை லீவு என்று செய்தி அனுப்பினாள். கூடத்துக்கு வந்து, "அண்ணி, நாளைக்குச் சாயங்காலம் நேரா பட்டறைக்கு வந்துடுங்க. நீங்க இல்லாம ஆகாது" என்றாள்.

"என்ன பண்ணப் போறே?"

"புரட்டப் போறேன்."

அண்ணி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அண்ணன் முந்திக்கொண்டான். "விடு. அவ அளந்துட்டா. இனிமே கடவுளே வந்தாலும் மாத்த முடியாது."

வெள்ளிக்கிழமை மத்தியானம் பட்டறையில் கூட்டமில்லை. மாஸ்டரும், இரவு ஷிப்டுக்குப் போகும் முன்பு புத்தக அலமாரிக்கு வார்னிஷ் அடிக்க வந்த நர்ஸும், கட்டில் செய்யும் டிரைவரும் மட்டும்தான். போல்ட்டுகளைக் கழற்றியதும் நாலு பேரும் நாலு மூலையைப் பிடித்தார்கள்.

"ஆளைப் படுக்கையில புரட்டற மாதிரிதான். எல்லாரும் ஒரே நேரத்துல. யாரும் வீரம் காட்டக் கூடாது" என்றாள் நர்ஸ். அவள் எண்ணினாள். பலகை புரண்டது.

வயிற்றைப் பார்த்து டிரைவர் விசிலடித்தார். வழிந்து உறைந்த பசை மெழுகுபோலத் தொங்கியது. போல்ட் துளைகள் வேறு. நடுவே தேங்காய்க் கண்போல ஒரு முடிச்சு, அதைச் சுற்றி மரத்தின் நார் நாலா திசையிலும் முறைத்துக்கொண்டு நின்றது. இந்த முடிச்சைப் பார்த்துத்தான் மில்லி இதை வயிறாக்கியிருந்தாள்.

பள்ளங்களில் துண்டு மரம் இறக்கி ஒட்டிக் கிளாம்ப் போட்டு இறுக்கினாள். பழைய துளைகளில் முளை அடித்து அடைத்தாள். பசையைச் சுரண்டினாள், இழைத்தாள். சாயங்காலம்வரை இழைத்தும் அது முகமாகிவிடவில்லை. மட்டமாயிற்று, அவ்வளவுதான். முடிச்சைச் சுற்றி மட்டும் எந்தப் பக்கமிருந்து தள்ளினாலும் நார் பிய்ந்தது.

பசை காய்ந்தபின் பலகையை நீளவாக்கில் நிமிர்த்திச் சாய்த்து வைத்தார்கள், இனி கீழே போகப்போகும் பக்கத்தில் துளை போட. அந்தப் பக்கம் ஜன்னல் வெளிச்சத்தில் பளபளத்தது. மாஸ்டர் துளைக்கும் மிஷினை எடுத்து, "நான் போடட்டுமா?" என்றார்.

"இல்லை மாஸ்டர்."

எந்த மூலை என்பதில் இந்த முறை சந்தேகத்துக்கே வழியில்லை. வெட்டிய பள்ளமே இடத்தைக் காட்டியது. ஆனாலும் அவள் மூன்று தடவை பார்த்தாள். பிறகு மிஷினை அழுத்தினாள். வைரம் பாய்ந்த மரம் ஒரு கணம் முரண்டு பிடித்தது. அப்புறம் மஞ்சள் தூள் சுருண்டு சுருண்டு வெளியே வந்து, அந்தத் தண்ணீர் போன்ற பரப்பின் மேல் உதிர்ந்தது. முதல் துளையின்போது அது இன்னும் முகமாகத்தான் இருந்தது. நான்காவது துளையின்போது அது வெறும் மரமாகிவிட்டது.

அண்ணி வந்தபோது மேஜை கால்சட்டத்தின் மேல் உட்கார்ந்திருந்தது. வலது கோடியில் வைஸ். அவள் வாசலிலேயே நின்று பார்த்தாள். பையைக் கீழே வைத்துவிட்டு நேராக நடுமேஜைக்கு வந்து, முடிச்சைச் சுற்றிப் பிய்ந்து கிடந்த இடத்தைக் கட்டை விரலால் தடவினாள்.

"இது என்ன, கீறிவிட்ட மாதிரி?"

"வரமாட்டேங்குது அண்ணி. எப்படித் தள்ளினாலும் பிய்யுது."

"கோவக்கார முடிச்சு. நேரா போனா முறைக்கும்." இழைப்புளியின் அலகை உள்ளே இழுத்து, மூக்கைத் தூக்கிப் பார்த்து, இன்னும் ஒரு மயிரிழை உள்ளே இழுத்தாள். இடக்கையில் பிடித்தாள். முடிச்சை எதிர்த்துத் தள்ளாமல், அதைச் சுற்றி ஒரு வளைவு போல, பக்கவாட்டில் சறுக்கியபடி கொண்டுபோனாள். சத்தம் மாறியது. பிய்க்கிற சத்தம் போய், பட்டுத் துணியை இழுக்கிற மாதிரி ஒரு சத்தம். சுருள் ஒன்று ஒடியாமல் எழுந்து அவள் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டது. மறுபடி ஒரு வளைவு. நாலைந்து வளைவுக்குள் முடிச்சு கண்ணாடிபோலத் தெளிந்து, உள்ளே வரி வரியாகச் செம்மை காட்டியது.

மில்லி அளவுகோலைக் கையில் வைத்தபடி நின்றாள். எதை அளப்பது என்று தோன்றவில்லை. தோள் அசைந்தது, அதற்குப் பின்னால் இடுப்பு, அதற்குப் பின்னால் கால். எதுவும் கோணவில்லை, எதுவும் வளையவில்லை. எத்தனை தடவை அளந்திருந்தாலும், இத்தனை வருஷமாக உட்கார்ந்தே வேலை செய்து பார்த்திருந்ததால், அண்ணி இவ்வளவு உயரம் என்பதே அவளுக்குத் தெரியாமல் போயிருந்தது.

அண்ணி குறுக்குச் சட்டத்தை வைஸில் கவ்வக் கொடுத்தாள். சட்டம் மேஜையை ஒட்டிச் சாதுவாக நின்றது. இடமிருந்து வலமாகத் தள்ளினாள். முழு நீளத்துக்கும் ஒரே சுருள். கீழே விழுந்ததை யாரும் எடுக்கவில்லை. சட்டத்தைத் திருப்பிப் போட்டு அடுத்த பக்கம். முடிந்ததும் அதை ஒதுக்கி வைத்துவிட்டு, பையில் கையைவிட்டு இன்னொரு சட்டத்தை எடுத்தாள். மேஜை எப்படி இருக்கிறது என்று சொல்லவே மறந்துபோய், இவர்கள் எல்லாம் நிற்பதையும் மறந்துபோய், வேலையில் இறங்கிவிட்டாள்.

டிரைவருக்குக் கை துறுதுறுத்தது. "கொஞ்சம் நகருங்கம்மா, நானும் ஒரு இழு இழுத்துப் பாக்கறேன்."

அண்ணி நகர்ந்துகொண்டாள். அவர் இழைப்புளியை வலக்கையில் பிடித்து, சட்டத்துக்கு முன்னால் போய் நின்றார். இந்தப் பக்கம் வந்தார். அந்தப் பக்கம் போனார். வைஸின் பிடி தொடையில் இடித்தது.

"என்னம்மா மேஜை இது? கைக்கே வரமாட்டேங்குது!"

அண்ணி சிரித்தாள். பட்டறை முழுக்கக் கேட்கிற சிரிப்பு. "பழகிட்டா சரியாயிடுங்க" என்றாள்.

மாஸ்டர் குனிந்து, மேஜைக்கு அடியில் தலையை நீட்டி ஒரு தடவை பார்த்தார். நிமிர்ந்து மட்டக்கோலை அதன் கொக்கியில் மாட்டிவிட்டு, "நாளைக்கு ஆறு மணிக்குள்ள இடம் காலி ஆகணும்" என்று மட்டும் சொன்னார்.

ஜூன் 19, வெள்ளி. முன்பக்க வைஸ் வலது கோடியில், தாடை மட்டத்துக்கு இரண்டு மில்லி கீழே. சரியாக இருக்கிறது. அண்ணி நான்கு சட்டம் இழைத்தார்கள், நேராக நின்று. மேல்புறம் வயிறாக இருந்தது என்பது ஒட்டுப் போட்ட இடங்களில் தெரிகிறது. தெரியட்டும்.

நாளை, சனி: காலை எட்டு மணிக்குப் பட்டறை. இடது கோடியில் இரண்டாவது வைஸ். பென்சில் வைக்கும் முன் அண்ணியை மேஜைக்கு முன்னால் நிற்கச் சொல்ல வேண்டும். இடைக்கட்டை, போல்ட் நான்கு.